சிங்கத்தின் பெயரும் தலைப்பாகையும்: நார்னியாக் கதைகளும் அவற்றின் வாசகர்களும்

"சேர், இந்தக் கதையில வாற கெட்டாக்கள் எல்லாரும் ஏன் தலப்பா கட்டியிரிக்காங்க?"

2019ஆம் ஆண்டு இரண்டாம் தவணையில் ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவ்வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின்னர் பாடசாலைகள் பிந்தித்தான் திறந்தன. வாசலில் புத்தகப் பைகள் சோதிக்கப்பட்டன. தொப்பியோடும் அபாயாவோடும் பஸ்ஸில் ஏறுவோரைப் பார்க்கும் பார்வை மாறியிருந்தது. பிள்ளைகளின் மனதைக் கொஞ்சம் வேறு பக்கம் திருப்பலாம் என்று எண்ணி, நூலக அலுமாரியிலிருந்த ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்து, நாளுக்கு ஓர் அத்தியாயமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகள் ஏழில் ஐந்தாவதாக வெளிவந்த 'குதிரையும் அவனது பையனும்' என்பதே அந்தப் புத்தகம். எதிலிருந்து பிள்ளைகளை விலக்கிக் கூட்டிப்போக நினைத்தேனோ, அதன் வாசலிலேயே அவர்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன் என்பது அந்தக் கேள்வி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"நாளைக்குச் சொல்றன் மகன்" என்றேன். மறுநாளும் என்னால் சொல்ல முடியவில்லை. அதன் பின்னர் நான் தேடி வாசித்தவையும் யோசித்தவையுமே இக்கட்டுரை.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகம் 2004 கடல்கோளுக்குப் பின் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியொன்றில் எங்கள் பாடசாலைக்கு வந்தது. பால்மாவும் போர்வையும் பங்கிடப்பட்ட பின்னர் புத்தகப் பெட்டியைக் கேட்பாரில்லை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து வந்த புதிதில் அதனைத் திறந்தவன் நான்தான். முன் பக்கத்தில் ஏதோவொரு பிள்ளையின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. இரண்டு இரவுகளில் வாசித்து முடித்தேன். பேசும் குதிரை, பாலைவனப் பயணம், இரவில் கல்லறைகளுக்கிடையே தனித்திருக்கும் பையன் எல்லாம் என்னை மயக்கின. தலைப்பாகை என் கண்ணில் படவேயில்லை. எனக்கு இருபத்தாறு வயதில் தெரியாதது, பதினான்கு வயது மாணவனுக்குத் தெரிந்தது. அவன் காலம் அவனுக்கு அந்தக் கண்ணைக் கொடுத்திருந்தது.

கிளைவ் ஸ்டேபிள்ஸ் லூயிஸ் 1898 நவம்பர் 29 இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். பத்து வயது நிரம்புமுன் 1908 இல் தாயை இழந்தார். முதலாம் உலகப் போரில் பிரான்சின் போர்முனைக்குச் சென்று 1918 இல் காயமடைந்தார். 1925 முதல் ஒக்ஸ்போர்டின் மக்டலன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். இளமையில் நாத்திகராக இருந்து, 1931 இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பினார். அம்மாற்றத்தில் அவருடைய நண்பர் டொல்கீனுடன் நடந்த நீண்ட இரவு உரையாடலுக்கு முக்கிய பங்குண்டு. பின்னாளில் 'மோதிரங்களின் தலைவன்' எழுதிப் புகழ்பெற்ற அதே டொல்கீன்தான்.

1939 இல் போர் மூண்டபோது லண்டன் நகரத்துப் பிள்ளைகள் குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். லூயிஸின் வீட்டிலும் சில பிள்ளைகள் வந்து தங்கினர். அவருடைய முதற் கதையும் அவ்வாறு அனுப்பப்பட்ட நான்கு சகோதரர்களுடனேயே தொடங்குகிறது. பழைய வீட்டு அலுமாரி ஒன்றுக்குள் புகும் சிறுமி, பனி மூடிய வேறொரு உலகத்தில் வெளிப்படுகிறாள். அதுவே நார்னியா. 'சிங்கமும் சூனியக்காரியும் அலுமாரியும்' 1950 ஒக்டோபரில் லண்டனில் வெளிவந்தது. பின்னர் ஆண்டுக்கொன்றாக 1956 வரை ஏழு நூல்கள். கடைசி நூலான 'இறுதிப் போர்' பிரித்தானியாவின் கார்னெகி பதக்கத்தைப் பெற்றது. நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளில், பத்துக் கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றிருப்பதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இத்தனை பேர் வாசித்த கதையை எல்லோரும் ஒரே மாதிரி விரும்பினார்கள் என்று நினைத்தால் தவறு. இதனை முதன்முதலில் வெறுத்தவர்களுள் ஒருவர் ஆசிரியரின் மிக நெருங்கிய நண்பர்தான். 1949 இல் கையெழுத்துப் பிரதி நிலையிலேயே லூயிஸ் அதனை டொல்கீனுக்கு வாசித்துக் காட்டினார். டொல்கீனுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. கிரேக்கப் புராணத்து ஆட்டுக்கால் மனிதனும், வடபுலத்துக் குள்ளனும், நத்தார் தாத்தாவும் ஒரே காட்டில் எப்படி நடமாடலாம் என்பது அவருடைய முறைப்பாடு. தன்னுடைய கற்பனை உலகுக்கு மொழியும் எழுத்தும் வரலாறும் வருடக்கணக்காக அமைத்துக்கொண்டிருந்தவருக்கு இந்தக் கலவை அவசரச் சமையலாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அதே பிரதியை வாசித்த ரொஜர் லான்ஸலின் கிறீன் என்ற இளைய நண்பரோ, இதனை எப்படியும் முடித்து வெளியிட வேண்டும் என்று ஊக்கமளித்தார். ஒரே பிரதி, ஒரே ஆண்டு, இரண்டு வாசகர்கள், இரண்டு தீர்ப்பு.

நட்பின் கணக்கு இன்னொரு விதமாகவும் இருந்தது. டொல்கீனின் பெருநூல் 1954 இல் வரத் தொடங்கியபோது அதனை மனந்திறந்து பாராட்டி எழுதியவர்களுள் லூயிஸ் முன்னவர். லூயிஸின் தூண்டுதல் இல்லாவிட்டால் அதனை முடித்திருக்கவே மாட்டேன் என்று டொல்கீனும் பின்னாளில் சொன்னார். நண்பன் எழுதியதை விரும்பாமலேயே நண்பனுக்கு நன்றியுடையவராக இருக்க அவரால் முடிந்தது. எமது இலக்கிய வட்டங்களில் ஒரு விமர்சனம் வந்தால் சலாம் சொல்வதையே நிறுத்திக்கொள்ளும் சிலரை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளைகளின் உணர்வு வேறு. அவர்கள் லூயிஸுக்கு உலகெங்கிலும் இருந்து கடிதம் எழுதினார்கள். அவர் பதில் எழுதினார். அக்கடிதங்களில் ஒரு தொகுதி 1985 இல் நூலாகவும் வந்தது. அவற்றுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. 1955 இல் அமெரிக்கத் தாய் ஒருவர், தன் ஒன்பது வயது மகன் இயேசுவை விட நார்னியாவின் சிங்கமான அஸ்லானை அதிகம் நேசிக்கிறேனோ என்று பயப்படுகிறான் என எழுதியிருந்தார். லூயிஸ் அதனைச் சிரித்துத் தள்ளவில்லை. அஸ்லான் செய்ததாக அவன் நேசிக்கும் செயல்கள் எல்லாம் இயேசு செய்தவையே, ஆகவே அவன் பயப்பட வேண்டியதில்லை என்ற கருத்தில் பதில் எழுதினார். நார்னியாவில் அஸ்லான் யார் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. தன் கதை வெறும் உருவகம் அல்ல, நார்னியா போன்றதோர் உலகம் இருந்திருந்தால் கிறிஸ்து அங்கே எவ்வடிவில் தோன்றியிருப்பார் என்ற கற்பனையே அது என்பதும் அவர் தந்த விளக்கம்.

அதே பையன் 1957 இல் இன்னொரு கேள்வி கேட்டான். ஏழு நூல்களையும் வெளிவந்த ஒழுங்கில் வாசிப்பதா, கதை நடந்த கால ஒழுங்கில் வாசிப்பதா? தாய் முன்னதையும் மகன் பின்னதையும் சரியென்றார்கள். லூயிஸ் மகனின் பக்கம் சாய்ந்தார், ஆனால் ஒழுங்கு பெரிய விடயமல்ல என்றும் சொன்னார். 1994 இல் பதிப்பாளர்கள் அந்தப் பையனின் ஒழுங்கிலேயே நூல்களுக்கு இலக்கமிட்டனர். அது சரியல்ல என்று சண்டைபிடிக்கும் வாசகர்கள் இன்றும் உள்ளனர்.

1963 நவம்பர் 22 இல் லூயிஸ் காலமானார். அதே நாளில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதால் இவருடைய மரணச் செய்தி அமுங்கிப்போயிற்று. புத்தகங்கள் அமுங்கவில்லை. அவற்றை வாசித்து வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகி, சிலர் எழுத்தாளர்களுமாகி, சிறுவயதில் கேட்கத் தெரியாத கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள்.

அவற்றுள் முதன்மையானது சூசன் பற்றியது. முதற் கதையில் அலுமாரி வழியே போன நால்வரில் மூத்த பெண் அவள். கடைசி நூலில் மற்றவர்கள் எல்லோரும் அஸ்லானின் நாட்டை அடைகிறார்கள், சூசன் மட்டும் வரவில்லை. அவளுக்கு இப்போது உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும்தான் நாட்டம் என்று மற்றவர்கள் குறைசொல்கிறார்கள். பெண்பிள்ளை வளர்ந்து பெரியவளாவது ஒரு குற்றமா என்று வாசகிகள் கேட்டார்கள். ஹரி பொட்டர் கதைகளின் ஆசிரியை ஜே. கே. ரோலிங்கும் 2005 இல் ஒரு நேர்காணலில், சூசனுக்கு நேர்ந்ததை ஏற்க முடியவில்லை என்ற கருத்தைச் சொன்னார். சிறுவயதில் நார்னியாவை நேசித்த வாசகி அவர்.

ஆங்கில நாவலாசிரியர் பிலிப் புல்மனின் குரல் இன்னும் கடுமையானது. லூயிஸின் நூற்றாண்டான 1998 இல், உலகமெங்கும் பாராட்டுகள் குவிந்துகொண்டிருந்த வேளையில், கார்டியன் பத்திரிகையில் நார்னியாவின் இருண்ட பக்கம் பற்றி அவர் எழுதினார். பெண்களை இழிவாகக் காண்பது, வேறு நிறத்தவரை இழிவாகக் காண்பது, இந்த உலக வாழ்வை விட மரணத்தை மேலாகக் காண்பது ஆகியவை அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள். புல்மன் கடவுள் நம்பிக்கை அற்றவர் என்பதால் அவர் சொல்வதைத் தள்ளிவிடலாம் என்றார்கள் சிலர். மூன்றாவது குற்றச்சாட்டில் எனக்கும் உடன்பாடில்லை. மறுமையை நம்புகிறவன் இம்மையை வெறுப்பவன் ஆகிவிடமாட்டான். ஆனால் இரண்டாவது குற்றச்சாட்டு என் மாணவன் கேட்ட அதே கேள்வி. சொன்னவர் யார் என்பதை வைத்து அதனைத் தட்டிக்கழிக்க முடியாது.

'குதிரையும் அவனது பையனும்' 1954 இல் வெளிவந்தது. நார்னியாவுக்குத் தெற்கே, பாலைவனத்துக்கு அப்பால், கலோர்மென் என்ற பேரரசு இருக்கிறது. அதன் மக்கள் கறுத்த முகமும் நீண்ட தாடியும் செம்மஞ்சள் தலைப்பாகையும் வளைந்த வாளும் கொண்டவர்கள். நாணயத்தின் பெயர் பிறை. மன்னனின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அவன் நீடூழி வாழ்க என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மூத்தோர் வாக்கை எடுத்துச்சொல்லாமல் அவர்கள் பேசுவதில்லை. அடிமை வியாபாரம் செய்பவர்கள், கொடுமைக்கு அஞ்சாதவர்கள். ஒரு மீனவன் வளர்க்கும் ஷாஸ்டா என்ற பையன் அங்கிருந்து பேசும் குதிரையொன்றில் தப்பி வடக்கே ஓடுகிறான். அவன் உண்மையில் வடநாட்டு அரசன் ஒருவனின் மகன், குழந்தையில் கடத்தப்பட்டவன் என்பது கடைசியில் தெரிகிறது. எமது வாசகருக்கு இந்தக் கதை அமைப்பு புதிதல்ல. 1885 இல் அறிஞர் சித்திலெப்பை எழுதிய 'அசன்பேயுடைய கதை'யிலும் கெய்ரோப் பிரபுவின் மகன் குழந்தையில் திருடப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, தன் வேரைக் கண்டடைகிறான். அங்கே வேர் கெய்ரோவில் இருக்கிறது. இங்கே கெய்ரோவைப் போன்ற நகரம் தப்பி ஓட வேண்டிய இடமாகிறது.

அந்தச் சாயல் லூயிஸின் சொற்களில் மட்டுமன்றிப் போலின் பெய்ன்ஸ் வரைந்த சித்திரங்களிலும் உண்டு. ஆயிரத்தோர் இரவுகளின் ஆங்கிலப் பதிப்புகளில் நாம் பார்த்த குவிமாடங்களும் அங்கிகளும் அவை. பி.பி.சி. 1988 முதல் 1990 வரை நான்கு நார்னியா நூல்களைத் தொலைக்காட்சி நாடகமாக்கியது. 2005, 2008, 2010 ஆண்டுகளில் மூன்று நூல்கள் பெரும் திரைப்படங்களாயின. இரண்டு வரிசையிலும் இந்த நூல் இடம்பெறவில்லை.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான செய்திக்கு வருகிறேன். 1952 இல் வாசகர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அஸ்லான் என்ற பெயர் தனக்கு எங்கே கிடைத்தது என்று லூயிஸ் சொல்கிறார். எட்வேர்ட் வில்லியம் லேன் மொழிபெயர்த்த ஆயிரத்தோர் இரவுகளின் குறிப்புகளில் அதனைக் கண்டாராம். துருக்கி மொழியில் சிங்கம் என்று பொருள். 1071 இல் மன்ஸிகெர்ட் போரில் பைஸாந்தியப் பேரரசரைத் தோற்கடித்த செல்ஜுக் சுல்தான் அல்ப் அர்ஸ்லானின் பெயரை இஸ்லாமிய வரலாறு படித்த எவரும் அறிவர். அதே சொல்தான் இது.

லேன் என்பவர் யார்? 1825 இல் எகிப்துக்குச் சென்று, உள்ளூர் உடை தரித்து, அரபு கற்று, கெய்ரோ மக்களிடையே வாழ்ந்த ஆங்கிலேயர். எகிப்தியரின் பழக்கவழக்கங்கள் பற்றி 1836 இல் அவர் வெளியிட்ட நூலை, எட்வேர்ட் சயீத் தமது 'கீழைத்தேயவாதம்' நூலில் (1978) விரிவாக ஆராய்கிறார். எம்மைப் பார்த்து எழுதியவர்கள் எம்மை எப்படிப் பொருளாக்கினார்கள் என்பதற்கு சயீத் காட்டும் சான்றுகளுள் லேன் முக்கியமானவர். அவருடைய அடிக்குறிப்பு ஒன்றிலிருந்து பிறந்த பெயரையே நார்னியாவின் மிக உயர்ந்த பாத்திரம் சுமக்கிறது.

இதனை அறிந்த அன்று எனக்குக் கோபமும் மகிழ்ச்சியும் ஒன்றாக வந்தன. ஒரே களஞ்சியத்தைத் திறந்து, அதிலிருந்த பெயரை நாயகனுக்கும், அதிலிருந்த உடையைப் பகைவருக்கும் பங்கிட்டிருக்கிறார் ஆசிரியர். பெயரின் ஊர் யாருக்கும் தெரியவில்லை, உடையின் ஊர் எல்லோருக்கும் தெரிகிறது. அதனால்தான் என் மாணவனின் கண்ணில் சிங்கம் பிறத்தியாகவும் தலைப்பாகை தன்னுடையதாகவும் பட்டிருக்கிறது.

லூயிஸின் பக்கத்தில் நின்று பேசுவோர் சொல்வதையும் நியாயமாகக் கேட்க வேண்டும். கலோர்மென் முஸ்லிம்கள் அல்லர். அவர்கள் வணங்கும் டஷ், கழுகுத் தலையும் நான்கு கைகளும் கொண்ட, நரபலி கேட்கும் சிலை. ஏகத்துவத்துக்கும் அதற்கும் எட்டாத தூரம். அடுத்து, அரவிஸ் என்ற கலோர்மென் சிறுமி. கிழட்டு அமைச்சனுக்குத் தன்னைக் கட்டிவைக்க முயன்றபோது குதிரையேறித் தப்புகிறாள். ஷாஸ்டாவை விடத் துணிச்சலும் நிதானமும் உள்ளவள் அவளே. கடைசியில் அவனை மணந்து வடநாட்டின் அரசியாகிறாள். நிறத்தால் மனிதரைப் பிரிப்பவர் இப்படி முடித்திருக்கமாட்டார் என்பது அவர்களது வாதம். இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். கலோர்மெனில் கதை சொல்வது பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படும் கலை, ஆங்கிலேயப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பிப்பது போல, ஆனால் கதையைக் கேட்க ஆளுண்டு, கட்டுரையை வாசிக்க ஆளில்லை என்று லூயிஸ் கேலி செய்கிறார். வருடாவருடம் 'நான் ஒரு குடை பேசுகிறேன்' என்று எழுதவைத்துத் திருத்தும் எனக்கு அந்த இடம் சுளீரென்று பட்டது. அந்தப் போட்டியிலாவது தலைப்பாகைக்காரர் வென்றிருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சான்றாக அவர்கள் காட்டுவது, 1956 இல் வந்த கடைசி நூலின் எமெத் என்ற கலோர்மென் வீரனை. வாழ்நாளெல்லாம் டஷ்ஷை உண்மையாகத் தேடியவன் அவன். இறுதியில் அஸ்லான் அவனைத் தள்ளிவிடவில்லை. நல்ல மனதோடு அவன் செய்த வணக்கத்தைத் தனக்குச் செய்ததாக ஏற்றுக்கொள்கிறது. கிறிஸ்தவ வாசகர் சிலருக்கு இந்தப் பக்கம் இன்றும் முள். வேறு தெய்வத்தை வணங்கியவனுக்கு எப்படி ஈடேற்றம் கிடைக்கும் என்று அவர்கள் லூயிஸையே குற்றம் சொல்கிறார்கள்.

எமெத் என்பது ஹீப்ரு மொழியில் உண்மை என்று பொருள்படும் சொல். எங்கள் பாடசாலை மௌலவியிடம் இதனைச் சொல்லி, அதன் வேரெழுத்துகள் அலிஃப், மீம், நூன் என்றபோது, அவர் விரல் மடக்கினார். "ஈமான், அமானத், அமீன், ஆமீன்... எல்லாம் ஒரே குடும்பம், சேர்." முகம் மலர்ந்தது. கதையின் முடிவைக் கேட்டதும் மலர்ச்சி குறைந்தது.

"நல்ல விசயம்தான். ஆனா அவன்ட வணக்கத்த இன்னொராள்ட கணக்குல எழுதிட்டுத்தானே அவன உள்ள எடுக்காங்க? நம்மளச் சேர்த்துக்கிறதும் அவங்கட வாசலாலதான்."

கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. இறைவனை மிருக வடிவில் கற்பிப்பது எமது நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்பதை மட்டும் விளக்கிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நான் எங்கோ வாசித்த விமர்சனங்கள் எதிலும் எமெத் பற்றி இவ்வளவு கூர்மையான வார்த்தையைக் காணவில்லை.

அப்படியானால் அந்தப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து அகற்றிவிடுவதா? சக ஆசிரியர்களுள் ஒருவர் அதைத்தான் சொன்னார். நான் உடன்படவில்லை. ஒக்ஸ்போர்ட் நண்பர் கலவையை வெறுத்தார், அமெரிக்கச் சிறுவன் தன் நேசத்துக்கே பயந்தான், வாசகிகள் சூசனுக்காக வழக்காடினார்கள், நாத்திகர் ஒருவர் ஆசிரியரின் நூற்றாண்டிலேயே குற்றப்பத்திரம் வாசித்தார், பக்தர்கள் எமெத்துக்காகக் கோபித்தார்கள். இவர்களில் அநேகர் அந்தக் கதைகளை மூடிவைத்துவிட்டுப் பேசியவர்கள் அல்லர். வாசித்ததனால் பேசினார்கள். இந்த வழக்கில் நாம் வேடிக்கை பார்ப்பவர்களாக நிற்கத் தேவையில்லை. சிங்கத்தின் பெயரும் தலைப்பாகையும் எமது வீட்டிலிருந்து போனவை. கேள்வி கேட்கும் உரிமை மற்ற எவரையும் விட எமக்குக் குறைந்ததல்ல.

லூயிஸ் இன்று இருந்து, என் மாணவன் அவருக்கு எழுதியிருந்தால் பதில் வந்திருக்கும் என்றே எண்ணுகிறேன். சூசனின் கதியை ஏற்க முடியாத சிறுவர் வாசகர்களுக்கு அவர் எழுதியவை இருக்கின்றன. அவள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், திருந்தி வர அவளுக்குக் காலம் உண்டு என்று 1957 இல் எழுதினார். 1960 இல் இன்னொருவருக்கு, சூசனின் மீதிப் பயணம் பெரியவர்களுக்கான நாவல் போல நீண்டுவிடும், தன்னால் எழுத முடியாது, நீங்களே ஏன் எழுதிப் பார்க்கக் கூடாது என்று கேட்டார்.

அந்த வரிகளை வாசித்த மறுநாள் ஒன்பதாம் தரத்துக்குப் போனேன். "போன கிழமை நீங்க கேட்ட கேள்விக்கு என்னட்ட முழு விடை இல்ல" என்று தொடங்கி, லேன் பற்றியும் அல்ப் அர்ஸ்லான் பற்றியும் சொன்னேன். மௌலவி கேட்டுக்கொண்டதையும் விளக்கினேன். கடலுக்கப்பால் இருந்துகொண்டு, எம்மைப் புத்தகத்தில் மட்டும் கண்ட ஒரு நல்ல மனிதர் இப்படி எழுதினார் என்றேன். பின்னர், இதே கதையைக் கலோர்மெனில் வாழும் ஒருவர் சொல்வதாக எழுதிவரச் சொன்னேன். குடை பேச வேண்டியதில்லை என்றதும் வகுப்பில் ஒரே ஆரவாரம்.

வந்த கொப்பிகளில் பாதிக்கு மேல் போர்க் கதைகள். கலோர்மென் படை நார்னியாவைத் தோற்கடித்து, சிங்கத்தைக் கூட்டில் அடைத்துக் கொண்டுவந்தது. அதுவும் ஒரு பதில்தான் என்று புள்ளி போட்டேன். ஒரு மாணவியின் கொப்பி மட்டும் வேறு மாதிரி இருந்தது. அரவிஸ் வீட்டை விட்டுத் தப்பும்போது, சிற்றன்னையின் அடிமைப் பெண்ணுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். அதற்காக அந்தப் பெண் சவுக்கடி படுகிறாள். பின்னர் அஸ்லான் அரவிஸின் முதுகில் நகத்தால் கீறி, அந்த அடிகளுக்குச் சரியாகக் கணக்குத் தீர்க்கிறது. கிஸாஸ் பற்றிப் படித்த எம் பிள்ளைகளுக்கு அந்த இடம் நன்றாகவே விளங்கியது. ஆனால் அந்த அடிமைப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது என்று லூயிஸ் சொல்லவில்லை, அவளுக்குப் பெயரும் வைக்கவில்லை. எங்கள் மாணவி அவளுக்குப் பெயர் வைத்து, ஊர் வைத்து, முதுகுக் காயத்துக்கு மஞ்சள் பூசும் உம்மா ஒருவரையும் வைத்து மூன்று பக்கம் எழுதியிருந்தாள். நார்னியாவைக் குறைசொல்லும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

கேள்வி கேட்ட மாணவன் எட்டு வரிதான் எழுதியிருந்தான். ஒரு கலோர்மென் கிழவர் வயலில் வெயிலுக்குத் தலைப்பா கட்டுகிறார், வேலை முடிந்ததும் அதே துண்டால் முகத்தைத் துடைத்து, பேரப்பிள்ளைக்கு மாங்காய் முடிந்துகொண்டு போகிறார். அவ்வளவுதான். அது அவனுடைய மூத்தாப்பா என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த இரண்டு கொப்பிகளையும் பிரதி எடுத்து, பழைய புத்தகத்தின் பின்னட்டைக்குள் வைத்து அலுமாரியில் அடுக்கியிருக்கிறேன். இனி அந்தப் புத்தகத்தை எடுக்கும் பிள்ளைக்கு அவையும் சேர்ந்தே கிடைக்கும்.